கொடுக்காத மாத்திரை

தங்கவயல் ரயிலில் விடியற்காலை
மில்லிகிராம்களை முணுமுணுத்துக்கொண்டு வருவேன்.
ஜெபம் என்று நினைத்து
ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தார் ஒருவர்.
பாதி சரிதான்.

பரீட்சையில் எழுபத்தெட்டு மார்க்.
பெங்களூர் வந்த மூன்றாம் வாரம்
வார்டில் இரண்டு நாகரத்னா.
ஒருத்தியின் மாத்திரையை
மற்றவளுக்குக் கொடுத்தேன்.
பதினாறு மணி நேரம் தூங்கினாள்.
டூட்டி முடிந்தும் போகாமல்
ஸ்டூலில் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணினேன்.
பிழைப் படிவத்தை நானே நிரப்பினேன்.

அன்றிலிருந்து பெயர் கேட்காமல் கொடுப்பதில்லை.
ருக்மாங்கதன் தினம் ஒரு பெயர் சொல்வார்,
ஞாயிற்றுக்கிழமைகளில் கலெக்டர்.
மணிக்கட்டுப் பட்டையைப் படித்துவிட்டு
"கலெக்டர் சார், நாக்கைத் தூக்குங்க" என்பேன்.
திருடனைச் சோதிக்கிற குரலுக்கும்
குழந்தையைக் கொஞ்சுகிற குரலுக்கும் நடுவில்
வேறொரு குரல் இருக்கிறது.
அது எனக்கு வர ஒரு வருஷம் ஆனது.

எச்சிலில் நனைந்த தலையணை ஒரு மருந்து.
நிற்க முடியாமல் நடந்துகொண்டே இருக்கும் கால்
இன்னொரு மருந்து.
"குண்டாயிட்டேன் சிஸ்டர், இது வேணாம்":
இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

பெங்களூருக்கும் வேர்க்கும் என்று காட்டிய ஏப்ரல்.
டேனரி ரோடு ஷாகிரா பானு, தையல்காரி,
நாலு வருஷமாய் லித்தியம்.
ஊசியில் நூல் கோர்க்க விடாத
மெல்லிய நடுக்கம் அவளுக்குப் பழக்கம்தான்.
அன்று டம்ளரே தட்டில் கடகடத்தது.
இரண்டு முறை வாந்தி. பேச்சில் லேசான குழறல்.
"வேற ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"
துப்பட்டா முடிச்சை அவிழ்த்தாள்.
மச்சினர் வாங்கிவந்த வலி மாத்திரை,
பத்தில் மூன்று மிச்சம்.

அது லித்தியத்தை ரத்தத்தில் தேக்கும்.
படிக்கும்போது ஒரே வரி,
நான் அடிக்கோடு போடாத வரி.

ட்ரேயில் எட்டு மணி மாத்திரை.
சார்ட்டில் காலிக் கட்டம்.
கொடுக்கவில்லை.
டாக்டர் ஊத்தப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்.
ஒன்று புள்ளி ஒன்பது என்றது ரத்தம்.
ராத்திரி முழுக்க சலைன்.

மூன்றாம் நாள், தெளிந்த பேச்சோடு
ஷாகிரா பானு என்னைக் கூப்பிட்டாள்.
நன்றி சொல்வாள் என்று
கொஞ்சம் எதிர்பார்த்துதான் போனேன்.
"பல் இன்னும் வலிக்குது.
செவ்வாய்க்கிழமையே உங்ககிட்ட சொன்னேனே!"

சொல்லியிருந்தாள்.