தொழில்: தச்சர்

ஜுபைலில் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால்
தூக்கம் பிடிக்கும்வரை எனக்கொரு பேரரசு உண்டு.
லேப்டாப்பில் பதினேழு கோள்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு வயல், ஒரு சுரங்கம்,
ஓர் ஆலை, ஓர் ஆய்வுக்கூடம்.
எதற்கும் குறை வைக்கவில்லை என்றிருந்தேன்.

மேல்கட்டிலிலிருந்து தலையைத் தொங்கவிட்டு
ஜெபசிங் பார்த்தான்.
"எல்லாம் ஒரே புரோட்டாக் கடை மாதிரி இருக்கே மக்கா.
இதுல எதைப் பிடிச்சுட்டுப் போனா
நீ அழுவ?"

பெயர்கூட வைத்திருக்கவில்லை.
கே-நான்கு, கே-ஐந்து, கே-ஆறு.

அன்று பகல் பத்து மணிவரை இடித்தேன்.
துருநிறக் கோளில் இரும்பைத் தவிர எதுவும் வேண்டாம்.
உறைந்து கிடந்ததில் தண்ணீர்.
இரண்டு சூரியன்கள் மாறி மாறிக் காய்வதில்
கோதுமை, கோதுமை, கோதுமை.
பெயர்கள் தாமாகவே வந்தன:
துருவூர். நீர்மடி. விளக்கணையாப்பட்டி.

எங்கள் கேம்ப்பும் அப்படித்தான்.
ஏ பிளாக் முழுக்கச் சாரம் கட்டுகிறவர்கள்.
சி பிளாக் வெல்டர்கள்,
வெங்காயம் நறுக்காமலே கண் சிவந்தவர்கள்.
நான் கடலைக் குடிநீராக்கும் ஆலையில்.
குழாய் பாலை தாண்டி ரியாத் போகிறது;
மானியின் முள் ஒரு கோடு இறங்கினால்
அறையில் எல்லோரும் எழுந்து நிற்போம்.

மூன்றாம் நாள் ஒரே ஒரு கொள்ளைக் கப்பல்
நீர்மடிக்கும் துருவூருக்கும் நடுவில் வந்து நின்றது.
நான்கே சுற்று.
துருவூரில் இரும்பு மலை மலையாக இருந்தது.
குடிக்க முடியவில்லை.
மேல்கட்டிலைத் தட்டி, "நீர்மடி" என்றேன்.
எந்தக் கேள்விக்குப் பதில் என்று
அவன் மறந்திருந்தான்.

மிச்சமிருந்தது கடைசிக் கோள்.
காற்றில்லை, தாதில்லை, புல்லில்லை.
'இதன் தொழிலைத் தேர்ந்தெடுக்கவும்'
என்று நின்றுவிட்டது ஆட்டம்.
பட்டியலில் 'ஒன்றுமில்லை' இல்லை.

பர்ஸில் இருக்கிறது என் இக்காமா.
தொழில்: தச்சர்.
ஏழு வருடத்தில் ஓர் ஆணி அடித்ததில்லை.
அப்போது கிடைத்த விசா அதுதான்.

மரம் முளைக்காத அந்தக் கல்லுக்கு
மரவேலை கொடுத்தேன்.
உற்பத்தி பூஜ்யம். சுற்றுக்கு மூன்று நட்டம்.
கொள்ளையர்கள்கூட ஒருமுறை வட்டமிட்டுப் போய்விட்டார்கள்.

இப்போதெல்லாம் ஷிஃப்ட் விட்டு வந்ததும்
பூட்ஸைக் கழற்றாமல்
அதைத்தான் முதலில் திறந்து பார்க்கிறேன்,
ஒரு முக்காலியாவது
தயாராகியிருக்கிறதா என்று.