கறுப்பு டேப்

கப்பலூர் மில். ராத்திரி ஷிப்டு.
ஏழாம் நம்பர் புளோயரில்
தொடாதே என்றொரு சிவப்புப் பலகை.
தொடவா வந்தேன்?

நாலடி தள்ளி நின்று
கேமராவை நீட்டினேன்.
பேரிங் மூடியில் முப்பத்தி நாலு டிகிரி.
"நல்லாத்தான இருக்கு" என்றார் இருளப்பன்,
டீயில் விழுந்த பஞ்சை
விரலால் எடுத்தபடி.

இல்லை.
நான் இடப்பக்கம் நகர்ந்தால்
சூடும் கூடவே நகர்கிறது.
பளபளவென்று துடைத்து வைத்த எஃகு
தன் காய்ச்சலை மறைத்து
என் உடம்பைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

நிறுத்தச் சொல்லி
ஒரு விரல் நீளம் கறுப்பு டேப்
ஒட்டிவிட்டு விலகினேன்.
மறுபடி ஓட்டம். அரை மணி நேரம்.

டேப் மட்டும் வெள்ளையாய் எரிந்தது,
தொண்ணூற்றி நாலு.
சுற்றிலும் இன்னும் நான்,
மங்கலாக.

இருளப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.
"விடியிற வரைக்கும் தாங்குமாம்மா?"