என்ன முறை

நாகமலை நிழல் விழும் கட்டடத்தில்
காலை ஆறுக்கு எரிந்து மாலை ஆறுக்கு அணையும்
அறையொன்றின் சாவி என் இடுப்பில்.
அங்கே சூரியனை நான்தான் நடத்துகிறேன்.
கரண்ட் போனால்
ஜெனரேட்டர் இருமி எழும்வரை
பதினோரு விநாடி கிரகணம்.

இருபது தலைமுறை
அண்ணனுக்கே தங்கையைக் கட்டிவைத்துக்
கிடைத்த வம்சம்.
கறுப்பு. ஒன்றை அழித்து ஒன்றைச் செய்ததுபோல்
அத்தனையும் ஒரே எலி.
அதன் கருவில் ஓர் எழுத்தை மாற்றினார்கள்:
கண் என்றிருந்த இடத்தில் மண்.
அவ்வளவுதான்.
முப்பதாம் நாள் விழித்திரை உதிரத் தொடங்கும்,
சுண்ணாம்புச் சுவர்போல, உள்ளிருந்து.

அந்த எழுத்து எந்த ஊர் என்று
ரெஜிஸ்டரில் கிடையாது.
எனக்குத் தெரியும். செல்லம்பட்டி தாண்டி.
மேடத்தின் மேசையில் அந்தக் குடும்பத்தின் வரைபடம்:
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
சொந்தத்துக்குள் கட்டியிருந்தால்
நடுவே இரட்டைக் கோடு.
தாள் முழுக்க
போடி லைன் தண்டவாளம்போல் இரட்டைக் கோடுகள்.
மை நிரப்பிய வட்டங்களில் ஒருத்தி
மாயக்காள்.

ரத்தம் கொடுக்க வந்தவள்
பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்தியபடி கேட்டாள்:
"எம் நோவ எலிக்கு ஏத்தி வச்சிருக்கீகளாமே.
நான் பாக்கணும்."

விதிப்படி கூடாது.
மேடம் டில்லியில்.
இன்பசேகரனை வாசலில் நிறுத்திவிட்டு
அங்கி, தொப்பி, காலுறை எல்லாம் மாட்டிவிட்டேன்.
உள்ளே போகும்போது மணி ஆறு பத்து.
சிவப்பு விளக்கு மட்டும்.
எலிக்குச் சிவப்பு தெரியாது.
மாயக்காளுக்கு அந்த வெளிச்சத்தில்
எதுவுமே தெரியாது.
அவள் என் சட்டையைப் பற்றிக்கொண்ட பிறகுதான்
எனக்கு உறைத்தது:
பார்க்க வந்தவளைப்
பார்க்க முடியாத நேரத்தில் கூட்டிவந்திருக்கிறேன்.
விளக்கைப் போட்டால்
ஆறு மாதச் சோதனை போச்சு.

"சத்தம் கேக்குதுல்ல, போதும்" என்றாள்.
எனக்குப் போதவில்லை.
ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் விட்டேன்.
மீசையால் தடவித் தடவி
விரல் ஓரமாகவே நடந்தது.
"செவத்தப் புடிச்சுப் போகுது" என்றாள்,
"ராத்திரி நான் கொல்லைக்குப் போறாப்ல."

பிறகு:
"எங்கப்பன் அக்கா மகளக் கட்டுனதாலதான்
எனக்கு இப்படின்னாரு டாக்டரு.
இதுகளுக்கு யாரு கட்டி வச்சா?"
"நாங்கதான்."
"என்ன சீர் செஞ்சீக?"
உருண்டைத் தீவனம், சோளச்சக்கைப் படுக்கை,
வடிகட்டிய தண்ணீர். சொன்னேன்.
சிரித்தாள். கை ஆடவில்லை.
"எம் ரத்தம்ங்கிறீக. அப்ப எனக்கு இது என்ன முறை?"

ஓரெழுத்துச் சொந்தத்துக்கு
எந்த வாய்மொழியில் பெயர் இருக்கிறது?
முழித்தேன். அவளுக்கு அது தெரிந்திருக்காது.

அதற்குள் அவள் விரல்
எலியின் காதைக் கண்டுபிடித்துவிட்டது.
"ஓட்டையா இருக்கு?"
அடையாளத்துக்கு, இருபத்தோராம் நாள் குத்துவோம்,
இடது ரெண்டு, வலது ஒண்ணு, ஒவ்வொன்றுக்கு ஒரு கணக்கு.
"யாரு குத்துறது?"
"நான்தான்."

"காது குத்துனவுக நீங்க.
அப்ப தாய்மாமன் நீங்கதானே" என்று
எலியைத் திருப்பி நீட்டினாள்,
நான் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி.

எத்தனை நாள் இருக்கும் என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அறுபது என்றிருப்பேன்.
மருந்து எப்போது என்றும் கேட்கவில்லை.
ஏழு வயது மகளொருத்தி இருக்கிறாள்,
உசிலம்பட்டி பஸ் ஏறும்போது சொன்னாள்.
தாளில் அவள் வட்டம் இன்னும் வெள்ளை.

அறுபதாம் நாள் பெட்டியில் வாயுவைத் திறந்தது
நான்தான்.
இன்பசேகரன் முறை அன்று. போகச் சொல்லிவிட்டேன்.
கண்கள் மிளகைவிடச் சிறியவை. குப்பிக்குப் போயின.
எண்ணை எழுதிக் கையெழுத்திட்டேன்.

இன்று புது ஈற்றுக்கு இருபத்தொன்று.
ஒன்பது குட்டிகள்.
எட்டு வருடமாக நின்றபடியே செய்கிற வேலை.
ஸ்டூலை இழுத்துப் போட்டு
உட்கார்ந்தேன்.