இரண்டாவது கியர்

தர்மபுரி – சேலம், நாளைக்கு நாலு நடை.
இருபத்திரண்டு வருஷம்
நாக்கோரம் ஒரு பாக்குப் பொட்டலத்தோடு ஓட்டினேன்,
தூக்கம் வராமலிருக்க.
இப்போது அதே இடத்தில்
துப்ப முடியாத ஒன்று.

பெரியாஸ்பத்திரியில் சதை கிள்ளி எடுத்துப்
பதினோரு நாள் கழித்துத் தாளாகக் கொடுத்தார்கள்.
தீர்த்தகிரி, ஆண், 51.
மற்றதெல்லாம் இங்கிலீஷ்.
மதியம் ரெண்டரைக்கும் சாப்பாட்டு டப்பா திறக்காத
சின்ன டாக்டரம்மா
சீட்டின் பின்பக்கம் ஒரு நாக்கு வரைந்து
ஓரத்தில் கோடு கிழித்தாள்.
"இவ்வளவு போகும். பேச்சு கொஞ்சம் குழறும்."
தேதிக்கு ஐந்து வாரம்.
"முன்னால இருபத்தாறு பேர்" என்றபோது
என்னைப் பார்க்கவில்லை,
பேனா மூடியைப் பார்த்தாள்.

சேலத்தில்
என் பஸ் தினமும் கடக்கிற கண்ணாடிக் கட்டடம்.
உள்ளே என்னை சார் என்றார்கள்.
டாக்டர் நாலு நிமிஷம் பேசினார்,
கணக்குப் பெண் நாற்பது நிமிஷம்.
வியாழன் அட்மிஷன், வெள்ளி ஆபரேஷன்.
காப்பீட்டு அட்டையை நீட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்து
"இது இவ்வளவுக்குத்தான் தாங்கும் சார்,
மீதி கைக்காசு" என்றாள்.
அந்த மீதியை ஒரு மஞ்சள் தாளில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டாள்,
அன்வர் டிரிப் ஷீட்டில் போடுகிற மாதிரியே.

முதலாளி தருகிறேன் என்றார்.
"சம்பளத்துல பிடிச்சுக்கலாம், ஏழு வருஷம்."
நல்ல மனுஷன்.
ஏழு வருஷம் நான் இருப்பேன் என்று
எந்த டாக்டரும் இவ்வளவு நிச்சயமாகச் சொன்னதில்லை.

சென்னம்மா பட்டியில் ஆடுகளை எண்ணினாள்.
பதினாலு உருப்படி, இரண்டு சினை.
ராத்திரி விளக்கணைத்த பிறகு
"கட்டிக்கு வரிசையில நிக்கத் தெரியுமா?" என்றாள்.
ரொம்ப நேரம் கழித்து
"மொத்தத்தையும் வித்தாலும் பாதிக்குக் காணாது."
இரண்டுக்கும் உம் கொட்டினேன்.

நேற்று பாளையம் டோல்கேட் தாண்டி
தொப்பூர் இறக்கத்தில்
மார்பிள் ஏற்றிய லாரி ஒன்று நியூட்ரலில் போனது.
டீசல் மிச்சம் பிடிக்கிறான்.
நான் எப்போதும்போல இரண்டாவது கியரில்.
எஞ்சின் முனகியது, பின்னால் ஹாரன்,
"அப்பனுக்குப் பால் ஊத்தப் போறியா?" என்று ஒரு குரல்.
இருபத்திரண்டு வருஷத்தில் முதல்தடவை
கை நியூட்ரல் வரைக்கும் போய்த் திரும்பியது.
கண்டக்டர் அன்வர் மட்டும் பார்த்தான்.

இன்று லீவு.
ஆறரைக்கே ஓ.பி. வாசலில் நின்றேன்.
அந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன்,
"உங்க அப்பாவா இருந்தா?"
"எங்கப்பா ஓசூர்ல வாட்ச்மேன்" என்றாள்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
யாருக்கோ போன் போட்டாள்,
வைத்தாள், மறுபடி போட்டாள்.
"சேலம் ஜி.எச்.ல ஒரு இடம் காலி.
வர்ற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய்.
வர வேண்டியவர் வரலையாம்."

யாரோ இறங்கிப்போன சீட்டு.
எந்த ஸ்டாப்பில் என்று நான் கேட்கவில்லை.

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
உள்ளே அந்த மஞ்சள் தாளும் இருந்தது.
அதை இன்னும் கிழிக்கவில்லை.