மூன்றாவது ஏழு

எங்கள் கடைப் பலகை மின்சாரத்தில் ஓடுவதில்லை.
நான்கு ஆணிகள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்
பெயிண்டால் வைத்த ஒரு புள்ளி.
காலை ஆறரைக்கு அபுந்தியோ போனில் எண்ணைச் சொல்வார்.
நான் ஸ்டூலில் ஏறி தகர எண்களை மாட்டுவேன்:
ஒரு டாலருக்கு இத்தனை பெசோ.

அதற்குள் பாலம் நிரம்பியிருக்கும்.
நானும் அதில்தான் வருகிறேன், ஹுவாரெஸ் பக்கமிருந்து, நாலரைக்கே.
இன்று எனக்கு முன்னால் ஒருத்தி
முன்பின் தெரியாதவன் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.
வரிசை நகர்ந்தபோது அவன்
எழுப்பாமல், மெல்ல, அவளோடு நகர்ந்தான்.
கீழே ஆறு. வரைபடத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
சிமெண்ட் வாய்க்காலில், ஒரு டயர் பாதி நனையும் அளவுக்கு.

எல் பாசோவில், இந்தத் தெருவில்,
எல்லாம் எடைக்குத்தான்.
பழந்துணி பவுண்டு கணக்கு.
மூட்டையைக் கத்தியால் கீறினால் பொத்தென்று சரியும் ஜீன்ஸ்கள்.
அக்கரையில் தைத்து, வடக்கே போய்,
யாரோ உடுத்தி அலுத்து, திரும்பவும் அக்கரை போகிறவை.
சுங்கத்துக்குத் தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாய் மூன்றைப் போட்டுக்கொண்டு
பருத்த பெண்களாய்ப் போய்
மெலிந்த பெண்களாய் வீடு சேர்கிறார்கள்.

எலிசேயோவும் எடைக்குத்தான்.
வாரம் இருமுறை முழங்கையை நீட்டி
ரத்தத்தின் மஞ்சள் நீரை விற்கிறான்.
நூற்றைம்பது பவுண்டுக்குக் கீழே ஒரு விலை, மேலே ஒரு விலை.
பையில் கல் போட்டுக்கொண்டு போவதாகச் சொல்வான்.
சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.
நான் கல்லைப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை அபுந்தியோ சொன்ன எண்
பதினேழு புள்ளி எழுபத்தேழு.
எங்களிடம் ஏழு இரண்டுதான்.
மூன்றாவது ஏழு காற்றில் விழுந்து
லாரிச் சக்கரத்தில் போய் மாதம் ஒன்றாகிறது.
"ஒன்றைத் தலைகீழா மாட்டட்டுமா?"
"எழுபத்தைந்து போடு, ஹெர்லிந்தா. ரெண்டு சென்டாவோதானே,
யாருக்குத் தெரியப் போகுது."

யாருக்கும் தெரியவில்லை.
சமையல்காரிகள், தோட்டக்காரர்கள், கட்டடத்து ஆட்கள்
கண்ணாடிக்கு அடியில் நோட்டைத் தள்ளினார்கள், எடுத்தார்கள், போனார்கள்.
மத்தியானத்துக்குள் ஒன்பதாயிரம் டாலர்.
இரண்டிரண்டாய்ச் சேர்ந்து நூற்றெண்பது பெசோ.
என் அரை நாள் கூலி அதைவிடப் பெரிய வித்தியாசமில்லை.

எலிசேயோ ஐம்பது டாலரோடு வந்தான்.
அண்ணாந்து பலகையைப் பார்த்தான், பிறகு தன் போனை.
"எதிர்க்கடையில எழுபத்தேழு."
"எதிர்க்கடைக்கே போயேன்."
"அங்க நாப்பது பேர் நிக்கிறாங்க. எனக்குத் தலை சுத்துது.
என் ஒரு பெசோ எங்கே?"

ஒரு பெசோ. கீழே கிடந்தால் குனிய மாட்டார்கள்.
ஆனால் அவன் கணக்கில் அது பஸ்ஸின் கடைசி பெசோ.
அது இல்லாவிட்டால் மலையடிக் காலனி வரை நடை,
அதுவும் இப்படி வெளிறிய முகத்தோடு.
ஏழு தொலைந்த கதையைச் சொன்னேன்.
சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவன் ஒன்றும் பேசவில்லை.
முழங்கையில் சுற்றியிருந்த பச்சை பேண்டேஜைப் பிரித்தான்.
பஞ்சு உதிர்ந்தது. துளை இன்னும் ஈரமாக இருந்தது.
ஸ்டூலைக் காலால் இழுத்து ஏறினான். விழுந்துவிடுவானோ என்று
கூண்டுக் கதவைத் திறந்து நான் ஓடினேன்.
ஐந்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு
ஆணியில் துணியைச் சுற்றி, இழுத்து, மடக்கி,
கீழே ஒரு கோணல் வால் தொங்கவிட்டான்.

ஏழுதான்.
யார் பார்த்தாலும் ஏழு.

எண்ணூற்று எண்பத்தெட்டரை எண்ணிக் கொடுத்தேன்.
அவன் இரண்டு முறை எண்ணினான்.

நாலு மணிக்கு டாலர் பதினேழு நாற்பதுக்கு இறங்கியது.
எனக்குப் பின்னால் வந்து நின்று
அபுந்தியோ பலகையை அண்ணாந்து பார்த்தார்:
"அது என்ன அழுக்குத் துணி, எடு."
நாலையும் சைபரையும் மாட்டினேன்.
பச்சைத் துணியைச் சுருட்டி
தகர ஏழுகள் இருக்கும் டப்பாவில் போட்டேன்.
இப்போது எங்களிடம் மூன்று.