யாராவது

"பதினொன்றாம் படுக்கை டிரிப்ஸை யாராவது பாருங்க" என்றேன்.
போய்ப் பார்த்தபோது பாட்டில் காலி.
குழாயில் ரத்தம் ஏறி நின்றது.

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி இரவுப் பட்டியலில்
யாராவது என்று ஒருத்தி இல்லை.
ஜெசிந்தா இருந்தாள். வேதவல்லி இருந்தாள்.
என் குரல் இருவருக்கும் நடுவே
தரையில் விழுந்து கிடந்தது.

கடலூர்த் துறைமுகத்தில் அன்று மூன்றாம் எண் கூண்டு.
"காற்று கொஞ்சம் பலம்தான்" என்றா
கம்பத்தில் ஏற்றுகிறார்கள்?

அடுத்த பாட்டில்.
"ஜெசிந்தா, பதினொன்று. ஐம்பது மில்லி மிஞ்சும்போது மாற்று.
மாற்றியதும் வந்து சொல்."
"ஐம்பதில் மாத்தி, வந்து சொல்றேன் சிஸ்டர்."

அவளிடம் விட்டுவிட்டு
நான்காம் படுக்கையின் மூச்சிரைப்புக்குப் போனேன்.
இரண்டே முறைதான்
திரும்பிப் பார்த்தேன்.