ஃபுஜி ஆற்றுக்கு மேற்கே

ஆற்றின் கிழக்குக் கரையில் மின்சாரம்
நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும்.
பாலம் தாண்டினால் அறுபது.
யாரோ இரண்டு நாடுகளில் இயந்திரம் வாங்கிய
பழைய கணக்கு.
பாலத்தின் நடுவே அதற்கொரு பலகை இல்லை.
எனக்குச் சொன்னது கிதார்தான்.

ஹமாமட்சுவில், நான்காம் மாடியில்,
அரிசி குக்கரை வெளியே எடுக்கும் முன்பே
ஆம்ப்பைச் செருகினேன்.
அதே ரீங்காரம்.
ஆனால் மூன்று ஃப்ரெட் மேலே ஏறி நின்றது,
ஊர் மாறியதும் குரலை உயர்த்திப் பேசும்
சொந்தக்காரியைப் போல.

ஒற்றைச் சுருள் பிக்கப்பின் குணம் அது.
ஆறு காந்தக் குச்சிகள்,
அவற்றைச் சுற்றி
முடியை விட மெலிந்த செப்புக் கம்பி, எட்டாயிரம் சுற்று.
தந்தியைக் கேட்கும்.
தந்தியை மட்டும் கேள் என்றால் கேட்காது.
சுவருக்குள் ஓடும் ஒயர், கீழ்வீட்டு ஃப்ரிட்ஜ்,
மாடிப்படியில் இழுபறியாய் எரியும் குழல்விளக்கு
எல்லாவற்றுக்கும் காது கொடுக்கும்.

"இரட்டைச் சுருள் போட்டுவிடு, சத்தம் போய்விடும்"
என்கிறான் தொக்குரோ.
சலவைக் கடை வைத்திருக்கிறான், வியாழக்கிழமைகளில்
எங்களுக்கு டிரம்ஸ் அடிக்கிறான்.
போகும்தான்.
கூடவே மேல்தந்தியின் அந்தக் கண்ணாடி விளிம்பும் போகும்.
ஐஸ் கட்டியைப் பல்லால் கடித்தாற்போல் ஒரு தொடக்கம்,
அதற்காகத்தானே
ஏழு மாதம் விலாங்கு மீன் பொட்டலம் கட்டினேன்.

காசில்லாத மருந்து ஒன்று உண்டு.
கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு
நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்ப வேண்டும்.
ஏதோ ஒரு கோணத்தில்
ரீங்காரம் மூச்சுப்போல் அடங்கும்.
ஃபுஜியில் எங்கள் வீட்டில் அந்தக் கோணம்
சமையலறை ஜன்னல் பக்கம்,
காகித ஆலைப் புகைபோக்கிகளுக்கு நேர் எதிரே.
கென்சாகுவின் நாற்காலி எனக்குப் பின்னால்.

"ஆறு வருடம்
என் மனைவியின் முதுகு வாசிப்பதைத்தான் கேட்டேன்"
என்றான் அவன், குடும்ப நீதிமன்றத்து மத்தியஸ்தரிடம்.
நான் ஒரு தாளில்
சுருளை வரைந்தேன், காந்தப்புலத்தை வரைந்தேன்,
அம்புக்குறி போட்டேன்.
அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு
பொழுதுபோக்கு: இசை
என்று எழுதிக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை
கையிலிருந்து பிக் நழுவி விழுந்தது.
குனிந்து தேடி, எழுந்து நின்றபோது
நான் எதிர்ப்பக்கம் பார்த்திருந்தேன்.
ஆம்ப் அமைதியாக இருந்தது.
கேபிள் கழன்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.
தந்தியைத் தொட்டேன்; தெளிவாகப் பாடியது.

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினேன்: அமைதி.
மறுபடி அறைப்பக்கம்: அமைதி.
இரண்டுக்கும் நடுவில்தான் இரைச்சல்.

இத்தனை எளிதா.
முழுதாகத் திரும்பினாலும் போதும்.
சுருளுக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான்.
தாளில் நான் போட்ட அம்புக்கு
வால் பக்கமும் ஒரு முனை இருந்திருக்க வேண்டும்.

தெரியாமல்தான் இருந்தேன்.
அப்படித்தான் நினைக்கிறேன்.
ஆனால் ஆறு வருடத்தில் ஒருமுறைகூட
பிக் கீழே விழவில்லையா எனக்கு?
விழுந்திருக்கும். எடுத்திருப்பேன்.
நிமிர்ந்து, அவன் கண்ணைப் பார்த்துவிட்டு,
ரீங்காரம் இருக்கிறதா என்று கேட்காமலே
ஜன்னலுக்குத் திரும்பியிருப்பேன்.

இப்போது அறையைப் பார்த்து வாசிக்கிறேன்.
எதிரே ஒரு நாற்காலி.
அதன்மேல் நான் இன்னும் பிரிக்காத ஒரே பெட்டி.
பக்கவாட்டில் அவன் கையெழுத்து:
கேபிள்கள். முறுக்காமல் சுற்றியிருக்கிறேன்.